பச்சை டேப்பு ஒட்டுன தேக்சா

தம்பி, கால கொஞ்சம் அங்கிட்டு வச்சுக்கங்க. அந்தச் சட்டியில பட்டுறப் போகுது. உள்ள ஒண்ணுமில்ல, வெறுந்தேக்சாதான். ஆனா ஜப்பான் போயிட்டு வந்த தேக்சா. சிரிக்காதீக. நேத்து இந்நேரம் இது ஜப்பான்ல இருந்துச்சு. சிங்கப்பூர்ல ப்ளேன் மாறி, காலையில மதுரையில எறங்கி, இப்ப உங்க முழங்காலுக்குக் கீழ உக்காந்திருக்கு.

எங்கூட வந்தவுக இருவத்திரெண்டு பேரும் ஏர்போட்லருந்தே வேன்ல போயிட்டாக. வேன்ல எனக்கு இடம் இருந்துச்சு, சட்டிக்குத்தான் இடமில்ல. "பண்டாரி, நீங்க சட்டியோட பஸ்ல வந்துருங்க"ன்னு ஹாஜியார் சொன்னாக. எனக்கும் பஸ்தான் தோது. வேன் ஏசி எனக்கு ஒத்துக்கிடாது. அதனாலதான் வந்தேன், வேற ஒண்ணுமில்ல.

நீங்க எங்க எறங்கணும்? ராமநாதபுரமா? அப்ப நெறைய நேரம் இருக்கு. நான் கீழக்கரை. பேரு சீனி இபுறாகீம். ஆனா ஊருக்குள்ள சீனி பண்டாரின்னு கேட்டாத்தான் வீட்டக் காட்டுவாக. பண்டாரின்னா எங்க ஆளுகள்ல விருந்துச் சமையல்காரன். கல்யாணம்னாலும் பெருநாளுன்னாலும் என் அடுப்பு எரியாம ஊர்ல எதுவும் நடக்காது. பெருமைக்குச் சொல்லல. விசாரிச்சுப் பாருங்க.

ஹாஜியாருன்னு சொன்னேன்ல, அவுக பேரு நெய்னா ஹாஜியார். டிராவல்ஸ் வச்சிருக்காக. மொதல்ல ஹஜ்ஜு, உம்ராவுக்குத்தான் ஆளு கூட்டிட்டுப் போனாக. பெறகு துருக்கி. இப்ப ஜப்பான். துருக்கிக்கெல்லாம் பண்டாரி வேண்டாம், அங்க தெருவுக்குத் தெரு நம்ம ஆளுக கடை. ஜப்பானுக்குத்தான் பண்டாரி வேணும். ஏன்னு கேளுங்க. நீங்க திருநீறு பூசிருக்கீக, அதனால வெளக்கமாச் சொல்றேன். எங்களுக்குப் பன்னி ஆகாது, சாராயம் ஆகாது. ஜப்பான்காரன் மீனு ஆக்குனாலும் சரி, காய்கறி ஆக்குனாலும் சரி, நாம புளி ஊத்துற மாரி அவன் கொஞ்சம் அரிசிச் சாராயத்த ஊத்திருவான். குடிக்கிறதுக்கில்ல, ருசிக்கு. பாத்தாலும் தெரியாது, மோந்தாலும் தெரியாது.

அதனால மூணு தடவையா நாந்தான் போறேன். ஒசாக்காவுல ஒரு வீடு, டோக்கியோவுல ஒரு வீடு எடுத்துருவாக. காலையில எல்லாரும் குளிருக்குக் கோட்ட மாட்டிக்கிட்டு ஊரு சுத்தக் கெளம்பிருவாக. நான் வெங்காயம் உரிக்க உக்காந்துருவேன். மூணு தடவ ஜப்பான் போயி நான் பாத்தது என்னன்னா, மூணு விதமான அடுப்பு. அந்தப் பனிமலையப் பாத்தீகளா பண்டாரின்னு கேப்பாக. உங்க செல்லுல பாத்தேம்பேன். ஆனா அவுக சாயங்காலம் திரும்பி வந்து வாசல்ல பூட்ஸக் கழட்டுறப்பவே, "பண்டாரி, நெய்ச்சோத்து வாசம் ரோட்டுக்கு வருது"ம்பாக பாருங்க, அதுக்கு எந்த மலையும் ஈடில்ல. ஊர்ல இப்ப எனக்கு ஜப்பான் பண்டாரின்னு பேரு. என் தொழில்ல வேற எவனுக்கும் அந்தப் பேரு இல்ல.

அதுலயும் என் காடி வெங்காயம். காடின்னா வினிகரு. ஒசாக்கா கடையில ஒரு காடி இருக்கு, லேசா இனிக்கும். பாட்டில்ல எழுதிருக்கது ஒண்ணும் புரியாது, அரிசிக்கதிரு படம் போட்டுருக்கும். படத்தப் பாத்துத்தான் எடுத்தேன். அதுல வெங்காயத்த நறுக்கிப் போட்டு ஒரு மணி நேரம் ஊற வச்சா, ஹாஜியார் வீட்டுக்காரவுக ஜொகரா லாத்தா சோத்த விட்டுட்டு அதையே திம்பாக. லாத்தான்னா எங்க பேச்சுல அக்கா. மூணு தடவையும் அந்தக் காடிதான்.

இருங்க, போன் அடிக்குது. ஹாஜியார்தான். அடிக்கட்டும், பெறகு பேசிக்கலாம். எதுல விட்டேன்? ஆமா, இந்தத் தடவ.

இந்தத் தடவ போறதுக்கு முன்னாடியே ஹாஜியார் சொன்னாக. "பண்டாரி, டோக்கியோ முடிச்சிட்டு நகானோன்னு ஒரு மலை ஊருக்குப் போறோம். ரெண்டு நாளு. அங்க ஒரு லாட்ஜு. அந்தம்மாவே நமக்கு ஹலாலா ஆக்கித் தருது. நீங்க ரெண்டு நாளு சட்டியத் தொட வேண்டாம், ஓய்வா இருங்க." எப்படி இருக்கும் எனக்கு? இருவது வருசமா விருந்து ஆக்குறவன, ஓய்வா இருன்னா என்ன அர்த்தம்? எதுக்கும் இருக்கட்டும்னு சட்டிய பஸ்ல ஏத்திட்டேன்.

லாட்ஜுன்னா நீங்க நெனைக்கிற லாட்ஜு இல்ல. பெரிய மர வீடு. சுத்தி ஆப்பிள் தோட்டம். ரோட்டோரத்துல ஆப்பிள் காய்ச்சுத் தொங்குது, ஒருத்தனும் பறிக்க மாட்டேங்குறான். அந்தப் பொம்பள பேரு நொபுகோ. அறுவது வயசு இருக்கும். எங்களக் கண்டதும் வாசல்ல முழங்காலு போட்டு உக்காந்து, தலை தரையில படுற மாரி குனிஞ்சு, "அஸ்ஸலாமு அலைக்கும்"ன்னா. அவ முஸ்லிமும் இல்ல. ஸலாத்துக்கே பாதிப் பேரு விழுந்துட்டாக. ஜொகரா லாத்தா கண்ணுல தண்ணி. நான் மூணு தடவையா நெருப்புல வேகுறேன், எனக்கு ஒரு சொட்டுத் தண்ணி விட்டதில்ல.

உள்ள போனா இன்னும் மோசம். தொழுகைக்கு முன்னாடி நாங்க கை, மூஞ்சி, காலு கழுவணும். ஒளுன்னு சொல்லுவோம். மத்த ஹோட்டல்ல என்ன நடக்கும்னா, மூஞ்சி கழுவுற தொட்டியில காலத் தூக்கி வச்சு, கீழெல்லாம் தண்ணியாகி, ஹோட்டல்காரன் மொறைப்பான். இவ தாழ்வா ஒரு குழாய் வச்சு, பக்கத்துல முக்காலி போட்டு, துண்டு மடிச்சு வச்சிருக்கா. தொழுகுற ரூம்புல மேல மச்சுல அம்புக்குறி, மக்கா எந்தத் தெசைன்னு. அந்த ஊர்ல தானா ஊறி வர்ற வெந்நித் தொட்டியில எல்லாரும் ஒட்டுத்துணி இல்லாம ஒண்ணாக் குளிப்பாகளாம். இவ எங்களுக்குன்னு தனிக் குளியலறைக்குச் சாவி போட்டு, குடும்பத்துக்கு ஒரு மணி நேரம்னு பிரிச்சு விட்டுருக்கா. ஆறு வருசமா மலேசியாக்காரவுக வர்றாகளாம், அவுககிட்ட ஒண்ணொண்ணாக் கேட்டுக் கத்துக்கிட்டாளாம். எங்க கைடு இர்பான் சொன்னான். அதிராம்பட்டினத்துப் பையன், அங்கேயே வேல பாக்குறான், ஜப்பான் பாசை தண்ணி பட்ட பாடு. "எப்புடி யோசிச்சு வச்சிருக்காங்க பாருங்க மாமா"ன்னான். எனக்கு பத்திக்கிட்டு வந்துச்சு.

பொறாமையான்னு கேப்பீக. எனக்கென்ன பொறாமை? அவ தொழில் அவளுக்கு.

அங்க ரெண்டு அடுப்படி. ஒண்ணு பெருசு, அது மத்த ஆளுகளுக்கு. அதுக்குப் பக்கத்துல சின்னதா ஒண்ணு, எங்க ஆளுகளுக்கு மட்டும். சின்ன அடுப்படியில சட்டி, கரண்டி, கத்தி, வெட்டுற பலகை எல்லாத்துலயும் பச்சை டேப்பு ஒட்டிருக்கும். பெரிய அடுப்படியில சாராயம் சேந்த எதுலயும் செவப்பு டேப்பு. பச்ச ஒட்டுனது இந்தப் பக்கம் வராது, செவப்பு ஒட்டுனது அந்தப் பக்கம் போகாது. இதெல்லாம் மொத நாளே கூட்டிட்டுப் போயி எனக்கு மட்டும் காட்டுனா. மத்தவுக எல்லாம் வெளிய ஆப்பிளப் பாத்து போட்டோ எடுத்துக்கிட்டிருந்தாக.

மொத நாள் சாயங்காலம் சாப்பாடு. ஆளுக்கொரு தட்டம், தட்டத்துல ஏழெட்டுக் கிண்ணம். மீனு, காய்கறி, சோறு. ஒரு கிண்ணத்துல தெளிவா ஆணம். ஆணம்னா எங்க பேச்சுல குழம்பு. அத ஒரு வாய் குடிச்சுட்டு ஜொகரா லாத்தா சொல்றாக, "பண்டாரி! நம்ம மாசி ஆணம் மாரியே இருக்கு!" மாசின்னா கருவாடு, கட்டை மாரி இருக்கும், எங்க வீடுகள்ல அது இல்லாம சம்பல் இல்ல. நான் குடிச்சுப் பாத்தேன். ஆமா, மாசிதான். அவளும் அதே மாரி ஒரு கருவாட்ட மரத்தச் சீவுற மாரி சீவி, கொதிக்க வச்சு வடிகட்டிருக்கா. எங்கூர்ல என் அடுப்படியில வர்ற வாசம், அந்த மலைக்குள்ள அவ கிண்ணத்துல வருது. இருவத்திரெண்டு பேரும் ரெண்டாவது கிண்ணம் கேட்டாக. என் நெய்ச்சோத்துக்குத் தட்ட நீட்டிருக்காக, இல்லைங்கல. ஆனா இப்படி எல்லாரும் ஒண்ணா நீட்டுனதில்ல.

நான் அவுகளோட வரிசையில உக்காந்து சாப்பிட்டது அன்னைக்குத்தான். எப்பவும் எல்லாரும் எந்திரிச்சப் பெறகுதான் எனக்குச் சாப்பாடு. அன்னைக்கு எனக்கும் ஒரு தட்டம் வச்சா. கையக் கட்டிப் போட்ட மாரி இருந்துச்சு. அப்ப அவ நேரா எங்கிட்ட வந்து முழங்காலு போட்டு உக்காந்தா. இர்பான் சொன்னான், "மாமா, நீங்க பெரிய சமையல்காரர்னு கேள்விப்பட்டாங்களாம். நீங்க சொல்றதுதான் முக்கியமாம். எப்படி இருக்குன்னு கேக்குறாங்க." உப்பு கம்மின்னேன். அவ இடுப்புலருந்து ஒரு நோட்ட எடுத்து எழுதிக்கிட்டா. மறுநாள் காலையில உப்பு கரெக்டா இருக்கு. அதுவும் எனக்குப் பொறுக்கல.

அன்னைக்கு ராத்திரித் தொழுகை முடிஞ்சு வர்றப்ப ஹாஜியார் இர்பான்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தது காதுல விழுந்துச்சு. "ஏப்ரல்ல நாப்பது பேரு வர்றோம். போற ஊருலயெல்லாம் இந்த மாரி எடமாப் பாத்துரு வாப்பா. பண்டாரிக்கு இனிமே கஷ்டமில்ல." கஷ்டமில்லன்னா என்ன? வேலையில்லன்னு அர்த்தம். வேலையில்லன்னா சீட்டு இல்ல. ஏப்ரல்ல நான் ஊர்ல உக்காந்துக்கிட்டு, ஜப்பான் போனவுக கதைய டீக்கடையில கேக்கணும். "நாளைக்குப் பண்டாரிய நல்லா எல்லா எடமும் பாக்க வையி"ன்னும் சொன்னாக. போறவனுக்குக் கடைசியா ஊரச் சுத்திக் காட்டுறாகளாம்.

பொறாமைதான் தம்பி. என்னத்துக்கு மறைக்கிறது? அந்தப் பொம்பள கையக் கண்டா எனக்கு வயிறு எரிஞ்சுச்சு.

மறுநாள் எல்லாரையும் குரங்கு பாக்கக் கூட்டிட்டுப் போனாக. பனிக்கு நடுவுல வெந்நித் தண்ணி, அதுல குரங்கு கழுத்து வரைக்கும் உக்காந்துருக்கு. கண்ண மூடிக்கிட்டு, விருந்து முடிஞ்சு வெத்தல போட்ட ஆளு மாரி. அதப் பாக்க அவ்வளவு சனம். கெளம்புறப்ப நொபுகோ ஆளுக்கொரு சாப்பாட்டுப் பொட்டலம் குடுத்தா. எனக்குக் குடுக்குறப்ப கழுத்துத் துண்டு ஒண்ணையும் எடுத்து, குளிருக்கு இது வேணும்னு கையக் காட்டுனா. அடுப்படிப் பக்கம் நான் வந்துறக் கூடாதுன்னு எவ்வளவு அக்கறை பாருங்க. நான் அரை மணி நேரம் குரங்கப் பாத்தேன். பெறகு முழங்காலு வலிக்குதுன்னு ஹாஜியார்கிட்ட சொல்லிட்டு, அந்த ஊரு பஸ்ஸப் புடிச்சு லாட்ஜுக்கு வந்துட்டேன்.

வீட்டுல யாருமில்ல. அவ கடைக்குப் போயிருந்தா போல. கதவெல்லாம் தொறந்தே கெடக்கு, அந்த ஊர்ல பூட்டுறதில்ல. நான் மொதல்ல சின்ன அடுப்படிக்குள்ளதான் போனேன். ஒரு டப்பா விடாம தொறந்து பாத்தேன். பச்சை, பச்சை, பச்சை. ஒரு குத்தம் கெடைக்கல. மூலையில புதுக் கிண்ணமா அட்டப்பெட்டியில அடுக்கிருந்துச்சு, பிரிக்காம. எண்ணிப் பாத்தேன், நாப்பது. பக்கத்துல பச்சை டேப்பு சுருள். ஏப்ரலுக்கு.

அதப் பாத்ததும் எனக்கு என்னமோ ஆகிப்போச்சு. பெரிய அடுப்படிக்குப் போனேன். கீழ் அலமாரியத் தொறந்தா ஒரு பாட்டில். படம் பாத்தாலே தெரியுது, சாராயம். செல்ல எடுத்து ஒரு போட்டோ. செவப்பு டேப்பு போட்டோவுல விழல. என் பெருவெரல் மறைச்சிருச்சு.

சாயங்காலம் எல்லாரும் வந்ததும் ஜொகரா லாத்தாவத் தனியாக் கூப்பிட்டேன். "லாத்தா, நான் சொன்னேன்னு சொல்லாதீக. இந்த வீட்டு அடுப்படியில என்ன இருக்குன்னு பாருங்க"ன்னேன். பொய் சொல்லல தம்பி. ஒரு வார்த்த பொய் இல்ல. அந்த வீட்டு அடுப்படியிலதான் இருந்துச்சு. எந்த அடுப்படி, எந்த ரூம்புன்னு யாரும் என்னையக் கேக்கல. கேட்டிருந்தா சொல்லிருப்பேன். போட்டோ கையி மாறி கையி மாறி எல்லாருகிட்டயும் போயிருச்சு. ரெண்டு வெரலால பெருசாக்கிப் பெருசாக்கிப் பாக்குறாக. எழுத்து யாருக்குப் புரியும்? ஆனா பாட்டிலு புரிஞ்சிருச்சு.

சாப்பாட்டுக்கு உக்காந்தாக. அன்னைக்கு இன்னும் விசேசமா ஆக்கிருந்தா. கோழி, அதையும் டோக்கியோவுல ஹலால் கடையிலருந்து வரவழைச்சிருக்கா. ஒருத்தரும் கை வைக்கல. அவளும் வாசப்படியில முழங்காலு போட்டுக் காத்துக்கிட்டிருக்கா. நம்ம ஆளுக ஒரு குணம் தெரியுமா, மூஞ்சிக்கு நேரா எதையும் கேக்க மாட்டாக. அந்தம்மா மனசு சங்கடப்படும்னு, "பசியில்ல"ன்னு சொல்லச் சொன்னாக இர்பான. ஒருத்தருக்குப் பசியில்லன்னா சரி. இருவத்திரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல பசியில்லாமப் போகுமா? இர்பான் ஏன் எதுக்குன்னு மெதுவாக் கேட்டதுக்கு, "பேச்ச வளக்காத வாப்பா"ன்னு ஹாஜியார் அடக்கிட்டாக.

அவ ஒவ்வொரு தட்டமாப் பாத்துக்கிட்டே வந்தா. மூடி கூடத் தொறக்காத கிண்ணத்தையும் தொறந்து பாத்து மூடுனா. என்ன குத்தம்னு அவளுக்குத் தெரியல. நேத்து நான் உப்பு கம்மின்னு சொன்னேன்ல, அந்த நோட்ட எடுத்துப் பொரட்டுறா. அது மட்டும் எனக்குக் கொஞ்சம் ஒரு மாரியா இருந்துச்சு. பெறகு எங்கிட்ட வந்து உக்காந்தா. இர்பான் சொன்னான், "மாமா, எல்லாருக்கும் ஊரு சாப்பாட்டு ஞாபகம் வந்துருச்சு போலன்னு சொல்றாங்க. அவங்க சின்ன அடுப்படியத் தர்றாங்களாம். நீங்க ஆக்கித் தருவீங்களான்னு கேக்குறாங்க."

ஜெயிச்சிட்டேன்ல? ஓடிப் போயி பஸ்லருந்து என் தேக்சாவ எறக்குனேன்.

அவ எனக்குக் கையாளு மாரி நின்னா. அரிசி களைஞ்சு குடுத்தா, வெங்காயம் உரிச்சுக் குடுத்தா. ஆனா என் பொட்டலம் ஒவ்வொண்ணையும் வாங்கிப் பாத்துத்தான் உள்ள விட்டா. மல்லித்தூளு, பட்டை, கிராம்பு, எங்க வீட்டு நெய்யி. மாசிக் கட்டையப் பாத்ததும் சிரிச்சுட்டா. மோந்து பாத்து, தங்கிட்ட இருக்கத எடுத்துப் பக்கத்துல வச்சுக் காட்டுறா. ரெண்டும் ஒண்ணு. நான் சிரிக்கல.

அப்ப நான் ஒசாக்காவுல வாங்குன காடி பாட்டில எடுத்தேன். வெங்காயத்துல ஊத்தப் போறேன், அவ என் கையப் புடிச்சுட்டா. எனக்குக் கோவம் வந்துருச்சு. பாட்டில வாங்கித் திருப்பிப் பின்னாடி எழுத்தப் பாத்தா. மேல்சட்டைப் பையிலருந்து ஒரு அட்டைய எடுத்தா. அதுல வரிசையா ஜப்பான் எழுத்து, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல படம். பன்னிப் படத்து மேல ஒரு பெருக்கல் குறி, சாராயப் பாட்டில் படத்து மேல ஒரு பெருக்கல் குறி. அந்தப் பாட்டில் படத்துக்குப் பக்கத்துல இருக்க எழுத்து மேல ஒரு வெரல வச்சா. என் காடி பாட்டில்ல ஒரு எழுத்து மேல இன்னொரு வெரல வச்சா. நான் குனிஞ்சு பாத்தேன். ஜப்பான் பாசை தெரிய வேண்டியதில்ல தம்பி. கண்ணு இருந்தாப் போதும். வளைவு வளைவா அதே எழுத்து.

மூணு தடவ. மூணு தடவையும் நாந்தான் ஊத்துனேன். ஹாஜியாருக்கு, லாத்தாவுக்கு, அவ்வளவு பேருக்கும் என் கையால. தெரியாம திங்கிறவுகளுக்குக் குத்தமில்ல, மார்க்கத்துல அப்படித்தான் இருக்கு. இப்ப எங்க ஆளுகள்ல தெரிஞ்சது எனக்கு மட்டுந்தான்.

அவ அந்தப் பாட்டிலக் கொண்டு போயி பெரிய அடுப்படிக் கீழ் அலமாரியில வச்சா. நான் போட்டோ எடுத்தேன்ல, அந்தப் பாட்டிலுக்குப் பக்கத்துலயே. செவப்பு டேப்பு ஒண்ணு கிழிச்சு ஒட்டுனா. திரும்பி வந்து, பச்சை டேப்பு ஒட்டுன அவ காடிய என் கையில குடுத்து, தலையக் குனிஞ்சா. இர்பான் வாசல்லருந்து எட்டிப் பாத்து எல்லாம் சரியா இருக்கான்னு கேட்டான். அவ ஏதோ சொன்னா. அவன் எனக்குச் சொன்னான், "மாமா, எல்லாம் சரியா இருக்காம். நீங்க ரொம்பச் சுத்தமா வேல பாக்குறீங்களாம்."

எல்லாரும் அள்ளி அள்ளிச் சாப்பிட்டாக. "காடி வெங்காயம் இன்னைக்குத்தான் பண்டாரி உச்சம்"னாக லாத்தா. "பண்டாரி இல்லாட்டி நம்ம கதி என்ன ஆகிருக்கும்"னாக ஹாஜியார். ஏப்ரலுக்கும் நீங்கதான்னு அந்த எடத்துலயே சொல்லிட்டாக. அவ வாசப்படியில உக்காந்து பாத்துக்கிட்டிருந்தா. அவ மூஞ்சியில பொறாமை இருக்கான்னு பாத்தேன் தம்பி. சத்தியமாத் தேடுனேன். கொஞ்சம் இருந்திருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். இவுக சாப்பிடுறதப் பாத்து அவளுக்குச் சந்தோசம். அவளும் ஒரு தட்டத்துல என் நெய்ச்சோத்த வாங்கிச் சாப்பிட்டு, நோட்டுல என்னமோ எழுதிக்கிட்டா.

காலையில கெளம்புறப்ப சட்டியத் தூக்குறேன், ரெண்டு கைப்பிடியிலயும் இது. பாத்தீகளா? இந்தப் பச்சை. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. இவ நம்ம சட்டியத் தீட்டுன்னு ஒதுக்கி வச்சுட்டாளான்னு இர்பான்கிட்டக் கேட்டேன். அவன் சிரிச்சான். "மாமா, பச்சை ஒட்டுனா இதுல ஆக்குனத சந்தேகமில்லாம சாப்பிடலாம்னு அர்த்தம். அவங்க வேற யாரு சட்டிக்கும் ஒட்டிக் குடுத்து நான் பாத்ததில்ல."

அவ சத்தம் போட்டிருந்தா எனக்குச் சண்டை போடத் தெரியும். ஹாஜியார்கிட்டப் போட்டுக் குடுத்திருந்தா, அந்தப் பொம்பள பொய் சொல்றான்னு சொல்லிருப்பேன். ஒண்ணுமே சொல்லாமப் போனா நான் எங்கிட்டுப் போறது? ருசியிலயும் ஜெயிச்சு, இதுலயும் அவளே ஜெயிக்கணுமா? மானாமதுரையிலருந்து இந்த டேப்ப நகத்தால கிளறிக்கிட்டே வர்றேன், வருதான்னு பாருங்க. என்ன கோந்து போட்டானோ.

உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா, நீங்க எங்க ஆளு இல்ல. ராமநாதபுரத்துல எறங்கிப் போயிருவீக, கீழக்கரைக்கு இது வராது. காடி விசயத்த நான் அல்லாகிட்டக் கேட்டுக்கிறேன், அது எனக்கும் அவனுக்கும். ஆனா இன்னொண்ணு இருக்கு. ஹாஜியார் போன் மேல போன் போடுறாகளே, எதுக்குன்னா, ஏப்ரல்ல நாப்பது பேருக்கு அந்த லாட்ஜு இன்னும் நம்ம பேருலதான் இருக்கு. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வேணுமா வேண்டாமான்னு சொல்லணுமாம். "நீங்கதான் நேருல பாத்தவுக பண்டாரி. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, வேண்டாம்னுருவோம்"னு ஏர்போட்ல சொன்னாக. வேண்டாம்னா, நாப்பது பேருக்கு நாந்தான் பண்டாரி. என் சீட்ட எவனும் அசைக்க முடியாது. வேணும்னா, நான் கையக் கட்டிக்கிட்டுக் குரங்கு பாக்கணும். இல்ல, ஊர்லயே கெடக்கணும்.

அந்த நாப்பது கிண்ணம்தான் கண்ணுக்குள்ளயே நிக்குது தம்பி. பிரிக்காம வச்சிருந்தாளே.

பரமக்குடி தாண்டி எம்புட்டு நேரமாச்சு? எந்திரிச்சுட்டீகளா, ராமநாதபுரம் வந்துருச்சா? அந்தா, திரும்ப அடிக்குது. இருங்க தம்பி, ஒரு நிமிசம் நில்லுங்க. பஸ்ஸு ஸ்டாண்டுக்குள்ள போயி நிக்கட்டும், பெறகு எறங்கலாம். ஒத்தையில பேசுனா நான் வேற மாரி பேசிருவேன்.

ஹலோ. வ அலைக்கும் ஸலாம் ஹாஜியாரே. ஆமா, ராமநாதபுரம் வந்தாச்சு. சட்டி பத்திரமா இருக்கு. இல்ல, தூங்கல, போனப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். லாட்ஜு விசயமா? சொல்றேன். மொதல்ல நான் ஒண்ணு கேக்குறேன், நீங்க பதில் சொல்லுங்க. அந்தப் போட்டோவ இருவத்திரெண்டு பேரும் அத்தன தடவ பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தீகளே ஹாஜியாரே. அந்தப் பாட்டில் எந்த ரூம்புல இருந்துச்சுன்னு ஒருத்தராச்சும் என்னையக் கேட்டீகளா?